வல்லாரை நல்ல கீரைதான், ஆனால்…



பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், என் போனுக்கு ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். "டீச்சர், பிள்ளைக்கு வல்லாரை மாத்திரை கொடுக்கலாமா? ஞாபகசக்தி கூடுமாமே?" கேட்பவர்கள் யார் தெரியுமா? என் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்புவிக்கப் பயந்து பின் பெஞ்சில் ஒளிந்தவர்கள். இன்றைக்கு அவர்கள் பிள்ளைகள் பத்தாவது எழுதுகிறார்கள். மஸ்கட்டிலும் கப்பலிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் வேறு மாதிரி கேட்கிறார்கள். "அம்மாவுக்கு மறதி அதிகமாகிக்கொண்டே போகிறது டீச்சர், வல்லாரை லேகியம் வாங்கிக் கொடுக்கச் சொல்லவா?"

தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் வாங்கியவள். ஆனால் பிள்ளைகளின் மறதியையும் ஞாபகத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் தொழில். கொஞ்சம் தேடிப் படித்தும் இருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வல்லாரையைக் கீரையாகச் சாப்பிடுங்கள். ஞாபகத்துக்கு என்று மாத்திரையாக வாங்காதீர்கள். மூளைக்கு நிச்சயமாக வேண்டியவை என்று நிரூபணமானவை வேறே இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம்ம ஊர்ப் பொருள். அதைத்தான் நாம் கண்டுகொள்வதில்லை.

முதலில் எந்தச் செடி என்று தெளிவாகிவிடுவோம். வல்லாரை, கொத்தமல்லியும் கேரட்டும் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி. ஈரம் நிற்கிற வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரையோடு தரையாகப் படரும். நம்ம உப்பளத்து மண்ணில் வராது. ஆத்தூர், ஏரல் பக்கம் மாதிரி தண்ணீர் பாயும் பூமிதான் அதற்குச் சரி. இலை வட்டமாக, ஒரு பக்கம் பிளந்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்தால் மூளையின் சாயல் தெரிகிறது என்பார்கள். சரஸ்வதி கீரை என்ற பெயரும் உண்டு. "வல்லாரை உண்டாரிடம் மல்லாடாதே" என்று பழமொழியே இருக்கிறது. அக்கரையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் வல்லாரைச் சம்பல் சாதாரணச் சாப்பாடு. சிங்களவர்கள் அதைக் கொட்டுக்கொல என்று சொல்லி இலைக்கஞ்சியிலும் போடுகிறார்கள்.

பிரம்மி என்று விற்பது பல நேரம் வேறு செடி. நீர்ப்பிரமி என்பது சின்னச் சின்னத் தடித்த இலை உள்ள ஈரநிலச் செடி. வடநாட்டில் இரண்டையுமே பிரம்மி என்று சொல்வதால் குழப்பம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தது நீர்ப்பிரமியை. அதிலிருந்துதான் 1990களில் 'மெமரி பிளஸ்' என்ற மாத்திரை சந்தைக்கு வந்தது. செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் அதன் விளம்பரத்தில் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் செடியின் ஆராய்ச்சியை எடுத்து இந்தச் செடியின் டப்பாவில் ஒட்டிவிடுகிறார்கள். ஆனந்த் செஸ்ஸில் ஜெயித்தது சின்ன வயதிலிருந்து விளையாடிப் பழகியதால் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வல்லாரையைப் பற்றி ஆராய்ச்சியே இல்லையா? இருக்கிறது. 1970களிலேயே நம் நாட்டில் மனவளர்ச்சி குறைந்த 30 குழந்தைகளுக்கு வல்லாரை கொடுத்துப் பார்த்து, முன்னேற்றம் தெரிந்தது என்று எழுதினார்கள். 2008இல் தாய்லாந்தில் ஆரோக்கியமான முதியவர்கள் 28 பேருக்கு, ஒரு பிரிவுக்கு வெறும் மாத்திரை, மற்றவர்களுக்கு 250 முதல் 750 மில்லிகிராம் வரை வல்லாரைச் சாறு என்று 2 மாதம் கொடுத்தார்கள். அதிக அளவு எடுத்தவர்களுக்கு ஞாபகச் சோதனையில் கொஞ்சம் முன்னேற்றமும் மனநிலையில் தெளிவும் தெரிந்தன. எலிகளில் நடந்த ஆய்வுகள் இன்னும் நம்பிக்கையாகவே பேசுகின்றன. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஆய்வாளர்கள் இதைப் பல வருடமாக ஆராய்ந்துவருகிறார்கள்.

ஆனால் 2017இல் தாய்லாந்து ஆய்வாளர்களே மனிதர்களிடம் நடந்த 11 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஞாபகத்திலோ அறிவுத்திறனிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. மனநிலையில், சுறுசுறுப்பில் கொஞ்சம் நன்மை இருக்கலாம். இன்றைய தேதிக்கு நிலைமை இவ்வளவுதான்.

"28 பேருக்கு நல்லது நடந்திருக்கே டீச்சர், அது போதாதா?" என்று கேட்பீர்கள். நம்ம ஊர்க் கதையையே சொல்கிறேன். நம்ம கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்தக் காலத்தில் எந்தப் பாரிலும் எடுத்த எடுப்பில் குளிக்க விடமாட்டார்கள். முதலில் மாதிரிக்குச் சிப்பி எடுப்பார்கள். அதை அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்தை விலை மதிப்பார்கள். கட்டுபடியாகும் என்று தெரிந்த பிறகுதான் குளிப்பு அறிவிப்பு வரும். நாலு சிப்பியைப் பிளந்து ஒன்றில் முத்து இருந்தது என்பதற்காகப் பார் முழுக்க முத்து என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரி நம்பியிருக்கவும் மாட்டான். முத்துக்கு அவ்வளவு கணக்குப் பார்த்த ஊர், பிள்ளையின் மூளைக்கு என்று வரும்போது மட்டும் கணக்கை விட்டுவிடலாமா?

இப்படிச் சொன்னதும் என் மதினி கேட்டார்கள், "அப்போ நம்ம நாட்டு மருந்தெல்லாம் பொய்யா?" என்று. அப்படி நான் சொல்லவே இல்லை. சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு வைத்தியத்தில் காலகாலமாக இருந்த வேர். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்து, கணக்கு வைத்து, 1949இல் கட்டுரை எழுதினார். உலகமே ஒத்துக்கொண்டது. 1952இல் அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செடி நம்முடையது என்பது பெருமைதான். சோதித்துப் பார்த்து நின்றது அதைவிடப் பெருமை. வல்லாரையும் ஒருநாள் அப்படி நிற்கலாம். நின்றால் நான்தான் முதலில் பதிவு போடுவேன். இன்னும் நிற்கவில்லை என்பதுதான் இப்போதைய செய்தி.

அதற்குள் கடைக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். மாத்திரை, சிரப், பவுடர், சாக்லேட் என்று எல்லாமே வந்துவிட்டது. மருந்து என்று வந்தால் நம் நாட்டு விதிகளில் 'அட்டவணை ஜே' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இன்னின்னதைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. புற்றுநோய், நீரிழிவு, வழுக்கை எல்லாம் வருகிற அந்தப் பட்டியலில் மூளைத் திறனைக் கூட்டுவது, ஞாபகசக்தியை வளர்ப்பது என்பதும் ஒன்று. சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்குத் தனி விதிகள் உண்டு, அது வேறு விஷயம். ஆனால் அந்த வாக்கியம் பெற்றோரை எப்படி ஏமாற்றும் என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

"இலைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்றும் சொல்லாதீர்கள். அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரையை 20 நாள் முதல் 60 நாள் வரை சாப்பிட்ட 3 பெண்களுக்கு மஞ்சள் காமாலை வந்து கல்லீரல் பாதித்ததை 2005இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நிறுத்தியதும் சரியானது. அபூர்வம்தான். ஆனால் துவையலில் ஒரு பிடி கீரை வேறு, அதையே வடித்துச் சுண்டக் காய்ச்சித் தினமும் விழுங்குவது வேறு. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தூக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இனி நம்ம ஊர்ப் பொருளுக்கு வருகிறேன். உப்பு!

இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு நம்ம மாவட்டத்து உப்பளங்களிலிருந்து போகிறது. கருவில் இருக்கிற குழந்தையின் மூளை வளர அயோடின் வேண்டும். தாய்க்கு அது போதாவிட்டால் குழந்தையின் மூளைக்கு வருகிற சேதத்தைப் பிறகு எந்த மருந்தாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. உலகத்தில் தடுக்கக்கூடிய மூளைச் சேதத்துக்கு முக்கியக் காரணம் அயோடின் குறைவுதான் என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

இது எப்படி நிரூபணமானது என்று கேளுங்கள். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை நோய் ஊர் ஊராக இருந்தது. 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அங்கே சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்து, வருடக்கணக்கில் கவனித்தார்கள். அயோடின் உப்பு போன இடங்களில் கழலை மளமளவென்று குறைந்தது. மற்ற பகுதிக்கும் பிறகு அதே உப்பைக் கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. 28 பேர் இல்லை, ஒரு பள்ளத்தாக்கே சாட்சி. ஒன்றை நிரூபிப்பது என்றால் இதுதான்.

இப்போது வெட்கப்பட வேண்டிய கணக்கைச் சொல்கிறேன். 2018-19இல் நாடு முழுவதும் வீட்டு உப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். போதுமான அயோடின் உள்ள உப்பு இந்திய அளவில் 100க்கு 76 வீடுகளில் இருந்தது. தமிழ்நாட்டில் 62 வீடுகளில்தான். மாநிலங்களிலேயே கடைசி இடம் நமக்கு! உப்பு விளைகிற மாநிலம், அளத்து உப்பை அப்படியே மூட்டையில் வாங்கிப் பழகிய மாநிலம். இப்போது 'இயற்கை' என்ற பெயரில் கல் உப்பு, இந்துப்பு என்று படித்தவர்களே மாறுகிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தி கர்ப்பமாக இருக்கும்போது வல்லாரைப் பவுடரும் வாங்கினாள், அயோடின் உப்பை நிறுத்தி இந்துப்புக்கும் மாறினாள். இரண்டுமே குழந்தையின் மூளைக்காக என்றாள். நான் உட்காரவைத்துப் பேசியதில் உப்பை மாற்றினாள், பவுடரை மருத்துவரிடம் காட்டுவதாகச் சொன்னாள்.

அதற்காக உப்பை அள்ளிக் கொட்டச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன ஸ்பூனுக்குள், கருவாட்டு உப்பும் ஊறுகாய் உப்பும் அப்பள உப்பும் எல்லாம் சேர்த்து. சாப்பிடுகிற அந்தக் கொஞ்சத்தில் அயோடின் இருக்கட்டும் என்கிறேன். உடம்புக்குப் போதுமான அயோடின் உள்ள பிள்ளைக்கு மேலும் கொடுத்தால் புத்தி கூடிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறை வராமல் காப்பதுதான் அதன் வேலை.

அடுத்தது இரும்புச்சத்து. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை இரும்பு மாத்திரை கொடுப்போம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நீல நிற மாத்திரை. "டீச்சர், என் பிள்ளைக்கு அது வேண்டாம், சூடு" என்று ஒரு தாய் வந்து நின்றார். அதே தாய் கைப்பையில் வல்லாரை மாத்திரை டப்பா வைத்திருந்தார், ஒரு மாதத்துக்கு நானூறு ரூபாய் என்றார். அந்தப் பெண்பிள்ளை வகுப்பில் பதினொரு மணிக்கே மேசையில் தலை சாய்த்துவிடும், கண்ணின் உட்பக்கம் வெளுத்திருக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தம் இல்லாத பிள்ளைக்குக் கவனம் எங்கிருந்து வரும்? கவனமே இல்லாமல் ஞாபகம் எங்கிருந்து வரும்? இலவசமாகக் கிடைப்பது மட்டம், காசு கொடுத்தது உசத்தி என்கிற எண்ணத்தை நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் உள்ள சம்பந்தம் நம்ம மாவட்டத்துக்குத் தெரியாததா? காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில்தானே தொடங்கியது! 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. இருந்தும் பரீட்சை நாளில் எத்தனை பிள்ளைகள் "நேரமாச்சு" என்று ஒரு வாய் டீயோடு ஓடுகிறார்கள்! இட்லியைத் தவறவிட்ட பிள்ளைக்கு மாத்திரையை ஊட்டி என்ன புண்ணியம்?

படிக்கிற முறைக்கு வருகிறேன், இது என் சொந்தத் துறை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே 4 முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் 3 முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் நின்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்! புத்தகத்தை மூடிவைத்து ஒப்புவிக்கச் சொன்னோமே, அதன் மதிப்பு இதுதான். அதோடு ராத்திரித் தூக்கம். பகலில் படித்ததை மூளை அடுக்கிவைப்பது தூங்கும்போதுதான். ராத்திரி இரண்டு மணிவரை விழிக்கவைத்துவிட்டுக் காலையில் வல்லாரை கொடுப்பது, ஓட்டைக் குடத்துக்கு வெளியே பொட்டு வைக்கிற கதை.

கடைசியாக, பெரியவர்களின் மறதி. இதில்தான் எனக்குக் கவலை அதிகம். பிள்ளைக்கு மாத்திரையால் காசுதான் நஷ்டம். பெரியவர்களுக்கு நஷ்டமாவது காலம். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்சியா என்கிற மறதிநோய் இருப்பதாக 2023இல் வந்த கணக்கு. 2024இல் லான்செட் ஆணையத்தின் அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகத்தில் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது. அந்தப் பட்டியலில் எந்தக் கீரையும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, உடலுழைப்பு இல்லாமை, மனச்சோர்வு, தனிமை, கண் பார்வைக் குறைவு, காது கேளாமை என்று போகிறது. சின்ன வயதில் படிப்பு கிடைக்காததும் அதில் ஒன்று. ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைப்பது அறுபது வருடம் கழித்து அதன் மூளையைக் காக்கிறது என்று படித்தபோது, ஆசிரியராக இருந்ததற்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

காது என்றதும் நம்ம கடற்கரைதான் ஞாபகம் வருகிறது. திரேஸ்புரத்தில் என் மாணவன் ஒருவனின் தாத்தா வாலிபத்தில் சங்கு குளித்தவர். "தாத்தாவுக்கு மறதி டீச்சர், கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொல்கிறார்" என்று ஒரு வருடம் வல்லாரைச் சூரணம் கொடுத்தார்கள். கடைசியில் காது பரிசோதனை செய்தால், ஆழ்கடல் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்து ஆறிய தழும்பு இரண்டு காதிலும். அவருக்குக் கேள்வியே விழவில்லை, பதில் எப்படிச் சரியாக வரும்? காதுக் கருவி வைத்த பிறகு பழைய தோணிக் கதையெல்லாம் தேதியோடு சொல்கிறார். மறதி மாதிரித் தெரிகிற எத்தனையோ விஷயங்கள், தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, வேறு மாத்திரைகளின் விளைவு எல்லாம், கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடியவை. லேகியம் கொடுத்துக் காத்திருந்த மாதங்கள்தான் திரும்ப வராது.

ஆகவே வல்லாரையை வெறுக்க வேண்டாம். நல்ல இடத்தில் விளைந்த இலையாகப் பார்த்து வாங்குங்கள். சாக்கடை ஓரத்தில் முளைத்ததைப் பறிக்காதீர்கள், மண்ணில் உள்ளது இலையிலும் ஏறும். நன்றாக அலசி, தேங்காய், மிளகாய் வைத்துத் துவையல் அரையுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் போலப் பச்சையாகப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச்சாறு விட்டுப் பிசைந்தால் சோற்றுக்கு அமிர்தம். வாரம் ஒருநாள், ருசிக்காக.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம். இன்று ராத்திரி அடுக்களையில் உப்புப் பாக்கெட்டைத் திருப்பி, அயோடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பிள்ளையை ஒரு பாடம் படித்ததும் புத்தகத்தை மூடச்சொல்லி, உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள், உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வெளியூரில் இருக்கிறவர்கள், அப்பா அம்மாவுக்கு லேகியம் அனுப்புகிற காசில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காதும் பார்த்துவரச் செய்யுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், காதுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முக்கியமாக, அவர்களோடு தினமும் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை வீட்டில் அயோடின் உப்பு இருந்தது என்று கணக்கெடுக்கப் போகிறேன். வருகைப் பதிவேடு எடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்